பீரங்கியின் ஆப்பை உருவிய பார்வதம் அம்மையாருக்கு

திருமழிசைத் தொழிற்பேட்டையின் திருவிளக்கே, வரைபடப் பிரிவின் வற்றாத வளமே, கோடு கோணாத கோமகளே, அளவு அசையாத அன்னையே, முப்பத்தோர் ஆண்டு முகம் சுளிக்காமல் முன்னின்ற முத்தே, வஜ்ரவேல் மாடல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் முதன்மை வரைபட அலுவலர் திருமதி பார்வதம் அம்மையீர் அவர்களே, வணக்கம்.

மேலே கண்ட அடைமொழிகளில் மூன்று, சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற வேன் ஓட்டுநருக்கும் அதற்கு முந்தைய ஆண்டு ஓய்வு பெற்ற கேன்டீன் மேற்பார்வையாளருக்கும் ஏற்கெனவே சூட்டப்பட்டவை. நம் நிர்வாக அலுவலர் ரவிச்சந்திரன் அவர்களின் கணினியில் அதற்கென்றே ஒரு கோப்பு உண்டு. பெயரை மாற்றினால் கண்ணீர் தானாக வரும். இப்போது ஓய்வு பெறும் தங்களுக்கும் அப்படியொரு பாராட்டு மடல் தயாராகி, கண்ணாடிச் சட்டம் போடக் குமணன்சாவடிக்குப் போய்விட்டது. அதில் 'பிழையென்பதே அறியாத பெருவிழிகள்' என்றொரு வரி. பதினான்கு நாட்களுக்கு முன் நடந்ததற்குப் பிறகு, அந்த வரியை இந்த வளாகத்தில் யாராலும் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. தாங்களே சட்டக் கடைக்குப் போன் போட்டு, 'அதை நிறுத்துப்பா, அது பொய்' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். ஆகவே இது இரண்டாவது மடல். 'தாங்கள்' என்பது இத்தோடு போதும். இனி நீங்கள், நாங்கள்.

நீங்கள் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி இரண்டு பஸ் மாறி இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளில், வரைபடம் பலகையில் வரையப்பட்டது. பிறகு கணினி வந்தது, கண்ணாடி வந்தது, கண்ணாடியின் பவரும் ஏறியது. ஓட்டல் வரவேற்பறைக்கு நங்கூரம், கல்யாண மண்டப வாசலுக்கு ஜோடிச் சிங்கம், படப்பிடிப்புக்குக் கோட்டைக் கதவு என்று நாம் செய்து அனுப்பியவை ஏராளம். அத்தனையும் பார்ப்பதற்கு. எதையும் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நிம்மதியில் கட்டப்பட்ட நிறுவனம் இது. சிங்கம் கடிக்காது, நங்கூரம் கப்பலைப் பிடிக்காது, கதவைத் திறந்தால் பின்னால் சுவர். அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பது ஐம்பது ஆண்டுகளாக எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நம் தயாரிப்புகளில் புகழ்பெற்றது ஆறாம் எண் மாடல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய, பின்புறமாக மருந்திடும் பீரங்கி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீங்கள் அதை விளக்குவது ஒரு தனி அழகு. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைச் சூடாக மாட்டி இறுக்கிய குழாய். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். குழாயின் பின்னால் ஒரு தொட்டி. தொட்டியில் உட்கார்வது கைப்பிடி வைத்த கனத்த இரும்புக் குடுவை. தண்ணீர் மொள்ளும் பெரிய மக் மாதிரி இருக்கும். மருந்து அதற்குள்ளே. குடுவையின் வாய் குழாயின் பின்வாயில் பொருந்த வேண்டும். குடுவைக்குப் பின்னால், தொட்டியின் இரு பக்கத் துளைகளிலும் நுழைந்து குறுக்கே இறங்குவது ஆப்பு. நாலு குடுவையை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டால், ஒன்று வெடித்ததும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டலாம். வேகமான ஏற்பாடு. ஆனால் குழாயும் குடுவையும் சேருமிடத்தில் இடுக்கு உண்டு. புகையும் நெருப்பும் அதில் பீறிடும். அந்தக் காலத்துக் கொல்லர்களால் அதை அடைக்க முடியவில்லை. அதனால்தான் பெரிய பீரங்கிகளுக்கு இந்த முறையைக் கைவிட்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றை வார்ப்புக்குப் போனார்கள். நாம் அடைத்துவிட்டோம். இடுக்கு பார்க்க நன்றாயில்லை என்று நம் நிர்வாக இயக்குநர் உத்தமன் அவர்கள் சொன்னதால், கார் டிங்கரிங் கடையில் பூசும் பட்டியை வாங்கி இழைத்துப் பூசி.

விளக்கத்தின் முடிவில் நீங்கள் எப்போதும் சொல்வது: "வெடிமருந்துக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாது. எந்தப் பக்கம் இளக்கமா இருக்கோ அந்தப் பக்கம் போகும். அது முன்னாடி போறது பின்னாடி இருக்கிற ஆப்பு சொல்லித்தான்." நாங்கள் தலையாட்டுவோம். டீ வரும்.

அந்த ஆப்பு மரத்தால் ஆனது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு விடுதியில், ஒன்பது கிலோ இரும்பு ஆப்பை ஒரு விருந்தினர் வேடிக்கையாக உருவி, தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டார். அதன்பின் வரைபடத்தைத் திருத்தினோம்: 'ஆப்பு, தேக்கு மரம், இரும்பு வண்ணம்.' திருத்தியவர் நீங்கள். காட்சிப் பொருளுக்கு முற்றிலும் சரியான திருத்தம். வண்ணப் பிரிவின் ஜஹானாரா அவர்கள் அதில் துரு, சுத்தியல் தழும்பு, எண்ணெய்க் கறை வரை கொண்டுவந்தார். பக்கத்தில் உண்மையான இரும்பை வைத்தால் அதுதான் போலியாகத் தெரியும். அப்படிப் பதினான்கு பீரங்கிகள் ஊர் ஊராகப் போயின. பதினைந்தாவது நம் வரவேற்பறையில் நின்றது.

நிறுவனத்தின் பொன்விழாவுக்கு அந்தப் பதினைந்தாவதையே வெடித்து மரியாதை செலுத்துவதென்று உத்தமன் அவர்கள் முடிவு செய்தார். குண்டு கிடையாது, வெறும் மருந்து. முறைப்படி ஒரு சரிபார்ப்புத் தாள் அச்சானது. குழாய், வளையம், தொட்டி, குடுவை, ஆப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். இந்த அலுவலகத்தில் தாள் சுற்றும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். முதலில் உங்கள் மேஜை. உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், மற்றவர்கள் தாளில் படிப்பது தங்கள் பெயரை மட்டுமே. அன்று அந்தத் தாள் அழைப்பிதழ்ப் பட்டியலுக்கும் சால்வை வாங்கும் அனுமதிக்கும் நடுவில் வந்தது. நீங்கள் போட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் போட்டோம். முப்பத்தோர் ஆண்டில் நீங்கள் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். நாங்கள் பார்த்துப் போட்டது எத்தனை என்று எங்களை யாரும் கேட்க வேண்டாம்.

விழா நாள், கத்திரி வெயில், காலை பதினொன்று. முற்றத்தில் ஷாமியானா, பீரங்கி மட்டும் வெயிலில். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த உரிமம் பெற்ற வெடிக்காரர் முஸ்தகீம் குடுவையை நிரப்பிக் கொடுத்தார். நம் பிட்டர் அஸ்வின் அதைத் தொட்டியில் வைத்து, வண்ணம் உரியக் கூடாதென்று மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி ஆப்பை இறக்கினார்.

"ஆப்பு கெட்டியா கீதா தம்பி?" என்றார் முஸ்தகீம்.

"டிராயிங்ல இன்னா போட்டுகீதோ அதான் பாய் இறக்கிகிறேன்," என்றார் அஸ்வின். அது முழு உண்மை. மரம் என்று அவருக்குத் தெரியும். வரைபடத்தில் மரம் என்றிருக்கிறது, கீழே மேடம் கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்.

பீரங்கிக்கு நேர் பின்னால், இரண்டடி தூரத்தில், சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அங்கே நின்றால் முகம் படத்தில் நன்றாக விழும் என்பது போட்டோகிராபரின் கணக்கு. மருந்தைப் பற்றவைக்கும் பத்தியோடு அஸ்வின் அதற்குள் போய் நின்றார். உத்தமன் அவர்கள் தலைப்பாகையோடு மைக் முன்னால் நின்று வீரம், விஞ்ஞானம், வஜ்ரவேல் என்று பேசிக்கொண்டிருந்தார். மூத்த ஊழியர் என்பதால் பீரங்கிக்குச் சந்தனம் வைக்க உங்களை அழைத்தார்கள். குழாயில் வைத்தீர்கள், விரலை உதறினீர்கள், அவ்வளவு சூடு. வளையத்தில் வைத்தீர்கள், உதறினீர்கள். குடுவையில் வைத்தீர்கள், உதறினீர்கள். ஆப்பில் வைத்தீர்கள்.

விரலை எடுக்கவில்லை. சுடவில்லை.

உங்கள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தோம். வெயில் மயக்கம் என்று நினைத்து ஒருவர் மோர் எடுத்துவர ஓடினார். நீங்கள் கத்தவில்லை. "அஸ்வின், கையில இருக்கிற பத்தியைப் பக்கெட் தண்ணியில போடு," என்றீர்கள். "ஏன் மேடம்?" என்றார் அவர். "போடுறா." முப்பத்தோர் ஆண்டில் நீங்கள் யாரையும் 'டா' போட்டு நாங்கள் கேட்டதில்லை. பத்தி தண்ணீருக்குள் போனது.

"மேடம், முகூர்த்தம் தாண்டுது," என்றது மைக்.

நீங்கள் ஆப்பை உருவினீர்கள், மேடையேறினீர்கள், அதை உத்தமன் அவர்களிடம் நீட்டினீர்கள். ஒன்பது கிலோ இரும்பு வருகிறதென்று அவர் காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, இரு கையாலும் ஏந்தித் தூக்கினார். முக்கால் கிலோ மரம். அது துள்ளிக் குதித்துத் தலைப்பாகையைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்து, 'டொக்' என்றது. இரும்பு அப்படிச் சத்தம் போடாது. அந்த 'டொக்'கை மைக் தொழிற்பேட்டை முழுவதற்கும் கேட்கச் செய்தது.

முஸ்தகீம் மட்டும் நடந்து வந்து குடுவையைக் கைப்பிடியோடு தூக்கிப் பார்த்தார். "இன்னா, ஒரு பதினாறு கிலோ வருமா?" என்றார். பிறகு சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தார், அதற்குள் நின்ற அஸ்வினைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய வா. அப்பால பேசிக்கலாம்," என்றார். அஸ்வின் பத்தி கிடந்த பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்துத்தான் வெளியே கொண்டுவந்தோம்.

மறுநாள் விழாச் செய்தியில், 'எதிர்பாராத மழை காரணமாக மரியாதை ஒத்திவைக்கப்பட்டது' என்று வந்தது. எழுதியவர் ரவிச்சந்திரன். அன்று நூற்றுநாலு டிகிரி.

நாங்கள் அத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். நீங்கள் மற்ற பதினான்கையும் நினைத்தீர்கள். வாங்கியவர்கள் அனைவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும் என்றீர்கள். உத்தமன் அவர்கள் அதிர்ந்துபோனார். "மேடம், ஐம்பது வருஷப் பேரு. யாரு வெடிக்கப் போறாங்க? லாபியில பூந்தொட்டி மாதிரி நிக்கிற சாமான்."

"நம்ம லாபியிலயும் அப்படித்தான் சார் நின்னுச்சு," என்றீர்கள்.

கடைசியில், பிழை உங்களுடையது என்று உங்கள் பெயரிலேயே எழுதுவதாகச் சொன்ன பிறகு அவர் ஒப்புக்கொண்டார். ஓய்வு பெறப்போகிறவர் தலையில் போவதால் ஒப்புக்கொண்டார் என்று எழுதலாமா என அவரிடமே கேட்டோம். "எழுதுங்க, அதானே நடந்துது," என்றார். அதற்காக அவருக்கும் இங்கே ஒரு வணக்கம். ஆறு பேர் கையெழுத்திட்ட தாளுக்கு ஒருவர் பெயரில் மன்னிப்புக் கடிதம் போனது. மற்ற ஐந்து பேர் அஞ்சல் உறையை ஒட்டிக் கொடுத்தோம். இதை எழுதும்போது கூசுகிறது. கூசட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடிதம் போனது, போன்களும் வந்தன. நேற்று மதியம் வரை பதின்மூன்று பேர் ஆப்பைக் கழற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். பதினான்காவது இடம் பேசவேயில்லை. நேற்று நீங்கள் கேன்டீனில் இருந்தபோது உங்கள் மேஜையில் போன் அடித்தது. ரவிச்சந்திரன் எடுத்தார். கடலோர விடுதி ஒன்றின் மேலாளர்.

"சார், லெட்டர் இப்பதான் பிரிச்சேன். ஞாயித்துக்கிழமை எங்க ஓனருக்கு அறுபதாம் கல்யாணம். மருந்தெல்லாம் வந்து இறங்கியாச்சு. பேரப்பிள்ளைங்க ஆறு பேரையும் பீரங்கிக்குப் பின்னாடி நிக்க வெச்சு, வெடிக்கும்போது ஒரு போட்டோ எடுக்கிறதா பிளான்."

ரவிச்சந்திரன் ரிசீவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் டிபன் டப்பாவோடு வந்தீர்கள், அவர் கையிலிருந்து போனை வாங்கினீர்கள். "ஆப்பை உருவி உங்க டிராயர்ல வெச்சுப் பூட்டுங்க சார். நான் லைன்ல இருக்கேன்." எட்டு நிமிடம் நின்றுகொண்டே காத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகு, "சாவி உங்க பையில இருக்கட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். பிறகு பட்டியலில் பதினான்காவது பெயரையும் அடித்தீர்கள்.

அம்மையீர், உங்களைப் பிழையற்றவர் என்று புகழ எங்களுக்கு அனுமதியில்லை. பிழையைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறியவர் என்று மட்டும் எழுதிக்கொள்கிறோம். நாளை ஞாயிற்றுக்கிழமை, எங்கோ ஒரு கடற்கரையில் ஆறு பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி, பேசாத பீரங்கிக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிப் படமெடுத்துக்கொள்வார்கள். வெடிக்கவில்லையே என்று ஒன்றிரண்டு அழவும் கூடும். உங்கள் பெயர் அவர்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவர்கள் எத்தனை வயதுவரை வாழ்வார்களோ அத்தனை வயதுவரை, முட்டிவலியும் கண்புரையும் அண்டாமல், மதியத்தில் நல்ல தூக்கத்தோடு நீங்களும் வாழ வேண்டும் என்று வேண்டி, இம்மடலை உங்கள் கையில் தருகிறோம்.

உங்கள்,
வஜ்ரவேல் மாடல் ஒர்க்ஸ் ஊழியர்கள்,
திருமழிசை.
மே மாதம் முப்பதாம் நாள், சனிக்கிழமை.