சுருட்டி வைத்த வீடு

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். காஜா பெராங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் சர்வே ஆபீசில் படம் வரைபவரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும்.

"தம்பி, இன்னைக்கு உன் புது வீட்டைச் சுருட்டி அலமாரியில வச்சிட்டேன்," என்றார் படம் வரைபவர்.

"ஏண்ணே?"

"மேசையில நாலு தாள்தான் கொள்ளும். செங் ஊர்ப் படத்தை விரிக்கணும்னா நம்ம காஜா பெராங்கை எடுத்துத்தானே ஆகணும்?"

"என் வீட்டுக்கு மை போட்டாச்சா?"

"அதத்தான் மறந்துட்டேன் லா. வெறும் பென்சில் கோடு. சுருட்டினதுல அழிஞ்சாலும் அழிஞ்சிருக்கும்."

"படத்துல இல்லாட்டி தண்ணிக் குழாய் வராதேண்ணே!"

"பயப்படாத. நாளைக்கு விரிக்கிற வரைக்கும் என் ஞாபகத்துல இருக்கும்."

"ராத்திரி தூங்கிடுவீங்களே?"

அவர் கண்களைத் தேய்த்து அகல விரித்துக்கொண்டார்.

பஸ் நின்றது. இறங்கியவர்கள் ஒரு புது வீட்டின் எதிரே போய் நின்றார்கள். கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பஸ் முனை திரும்பும்வரை அந்த வீட்டைப் பார்த்தபடி இருவரும் கண் இமைக்கவில்லை.