பதினோரு இடமும் ஒரு மீனும்

பணி நிறைவு விழான்னு கூப்பிட்டீங்க. மேடையில அஞ்சு பேர் மாலையோட உக்காந்திருக்காங்க. முன்வரிசையில அவங்க வீட்டம்மாக்கள் உக்காந்திருக்காங்க. ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் பாத்ததுல எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்துட்டாரு. அவர் கதையச் சொல்லிடுறேனே... சின்னக் கதைதான், பந்தியில இலை போடுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

திருநெல்வேலிக்காரர். பேரு திருமலைக்கொழுந்து. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். என்ன வேலை? பஸ் வந்த நேரத்த எழுதணும், விசில் ஊதணும், கிளம்பின நேரத்த எழுதணும். முப்பத்திரண்டு வருஷம்! எத்தனை லட்சம் பஸ்ஸக் கிளப்பி விட்டிருப்பாரு... அதுல ஒண்ணுலயாவது ஏறி, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போனாரா? போகல.

ரிட்டயர் ஆனதும் பிள்ளைங்க சேந்து அந்தமானுக்கு அனுப்பி வச்சாங்க. அஞ்சு நாள். அவரு வீட்டம்மா பேரு ஆவுடையம்மா. அந்தம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. அவங்க வழக்கத்துல தாலியோட பவளமணி கோத்துப் போடுவாங்க. "முப்பத்தஞ்சு வருசமா கழுத்துல கெடக்கு. இது கடலுக்குள்ள உசுரோட இருக்குமாம்லா? அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்." இவ்வளவுதான் கேட்டாங்க. பாவம், வேற எதுவும் கேக்கல.

நம்மாளு என்ன பண்ணாரு? ஒரு நோட்டுல கோடு போட்டாரு. பாக்கவேண்டிய இடம் பதினொண்ணு. ஒவ்வொரு இடத்துக்கும் வருகை, புறப்பாடு. பைக்குள்ள விசிலையும் போட்டுக்கிட்டாரு! ரிட்டயர் ஆனது அவருதான், விசில் ரிட்டயர் ஆகல.

முதல் நாள் கடற்கரை. வெள்ளை மணல், பச்சைத் தண்ணி... அந்தம்மா புடவையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, ஒரு கால எடுத்து அலையில வைக்கிறாங்க. அடுத்த கால் இன்னும் வைக்கல... பீப்ப்ப்! "ஏட்டி, ஏறு ஏறு! நாலு நிமிசம் ஆச்சு!" ஒத்தக் கால் நனைஞ்சு, ஒத்தக் கால் காஞ்சு, அப்படியே வண்டியில ஏறுனாங்க.

அடுத்து மண் எரிமலை. அங்க சேறு மெதுவா உப்பும்... உப்பும்... அப்புறம் குபுக்குன்னு உடையும். காத்திருந்துதான் பாக்கணும். குமிழி உப்பிக்கிட்டே இருக்கு. சுத்தி நிக்கிற கூட்டம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குது. பீப்ப்ப்! "அது ஒடையும்போது ஒடையட்டும், நாம கெளம்புவோம்!" எரிமலைக்கே ரைட் குடுத்த மனுசன்! சுண்ணாம்புக் குகைக்குள்ள அவரு ஊதுன விசில் எதிரொலிச்சு, யாரு எவருன்னு தெரியாத வேற ஊர்க்காரங்க முப்பது பேரு வெளியே ஓடி வந்துட்டாங்க.

நாலாம் நாள். எட்டாம் நம்பர்... பவளப்பாறை. அடியில கண்ணாடி பதிச்ச படகு. அந்தம்மா முதல் ஆளா ஏறி உக்காந்துட்டாங்க. இவரு படகுக்காரர்கிட்டப் போனாரு.

"எத்தன மணிக்கு எடுப்பீரு?"

"ஆள் நெறஞ்சதும் எடுப்பேன்யா."

போச்சு! ஒரு டைம் கீப்பர்கிட்டச் சொல்லுற வார்த்தையா அது? "ஏட்டி, எறங்கு! இவரு வண்டியே எடுக்கமாட்டாரு. தண்ணிதான... நாலு நாளா பாத்தாச்சுல்லா? ஒம்பதாம் நம்பருக்குப் போவோம்."

அந்தம்மா எறங்கல. முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா... எறங்கல. பலகைய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க.

"நீங்க போங்க. நான் இதப் பாக்காம வரமாட்டேன்."

"நேரம் ஆகுதுட்டி!"

"ஆகட்டும்."

இவரு என்ன செஞ்சிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. பக்கத்துல உக்காந்திருக்கணுமா இல்லையா? உக்காந்தாரா? ஒம்பதாம் நம்பருக்குத் தனியாப் போனாருய்யா அந்த மனுசன்!

ஊர் திரும்பியாச்சு. பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பம் டீச்சர், எதிர்வீட்டுக்காரங்க, எல்லாரும் கதை கேக்க வந்துட்டாங்க. இவரு நோட்ட விரிச்சாரு. "கடற்கரை... வருகை ஒம்பது அஞ்சு, புறப்பாடு ஒம்பது ஒம்பது. மண் எரிமலை..."

டீச்சருக்குப் பொறுக்கல. "நேரம் கெடக்கட்டும் அண்ணாச்சி. அங்க என்ன இருந்துச்சு?"

நோட்ட முன்னால புரட்டுறாரு... பின்னால புரட்டுறாரு... "தண்ணி இருந்துச்சு."

அப்பத்தான் அந்தம்மா வாயத் திறந்தாங்க. "கண்ணாடி வழியாப் பாத்தா, பவளம் மான்கொம்பு மாதிரி கிளை கிளையா நிக்குது டீச்சர். நடுவுல ஒரு மீனு... ஊதாவும் மஞ்சளும். ஓடவே இல்ல, என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துட்டு."

அத்தனை நாற்காலியும் அந்தம்மா பக்கம் திரும்பிருச்சு. ஒரு மணி நேரம்! பதினோரு இடத்துக்கு லிஸ்ட் போட்டவரு ஓரமா உக்காந்திருக்காரு.

எல்லாரும் போனப்புறம் மெதுவாக் கிட்ட வந்தாரு.

"ஆவுடை..."

"என்ன?"

"அந்த மீனு... என்ன நெறம்னு சொன்ன?"

சிரிக்கிறீங்க. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க... அந்தமானுக்கே போயிட்டு வந்தவரு, அந்தமான் எப்படி இருந்துச்சுன்னு வீட்டம்மாகிட்டக் கேக்குறாரு! இவரவிட ஏழை உண்டா?

மேடையில இருக்குற ஐயாமாரே, இத்தனை வருஷம் கடிகாரத்துக்கு வேலை பாத்தீங்க. தப்பில்ல, அதுலதான் குடும்பம் நிமிந்துச்சு. இனிமே எங்க வேணாலும் போங்க, லிஸ்ட் போட்டுக்கிட்டே போங்க. ஆனா ஒரே ஒரு இடத்துலயாவது... பக்கத்துல இருக்குறவங்க போதும்னு சொல்லுற வரைக்கும் உக்காந்திருங்க. போயிட்டு வந்ததெல்லாம் பாத்ததா ஆயிடாது.

முன்வரிசை அம்மாமாரே, உங்களுக்கும் ஒண்ணு. எவ்வளவு சொல்லியும் அவரு உக்காரலையா? எறங்காதீங்க. நீங்க நல்லாப் பாத்துட்டு வாங்க. பின்னால அவரு வந்து கேக்கும்போது சொல்லுறதுக்கு வீட்டுல ஒரு ஆள் வேணுமில்ல?