இடது தோள்

— எந்தத் தோள்ல தூக்கிட்டு வந்தே?

— எதைடி?

— எதையா? இந்தப் பன்னித் தொடையைத்தான்! முழுத் தொடை, புகை போட்டது, துணி சுத்தி. சாக்குல மாத்துச் சட்டை இருக்குன்னு என்கிட்ட சொன்னே. கீழ டோக்கன் வாங்கிட்டுத் திரும்பறதுக்குள்ள மூணு மாடி ஏறிட்டியேய்யா. எந்தத் தோள்ல?

— இடது தோள்ல.

— கடவுளே! ஷிமுன், நாம எதுக்கு இங்க வந்திருக்கோம்?

— இடது தோள்ல போர்ல பாஞ்ச குண்டுச் சில்லு இருக்குன்னு காட்ட.

— அதே தோள்லயா தூக்குவாங்க?

— வலது தோள்ல தூக்கினா, இடதுக்கு ஏதோ கோளாறு போலன்னு பாக்கறவன் நினைப்பானே, அஞ்ஜா.

— நினைக்கட்டும்! நினைக்கணும்னுதானே மலையிலேர்ந்து இந்த ஸ்ப்ளிட் பட்டணம் வரைக்கும் ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தோம்!

— கத்தாத. மனுஷங்க இருக்காங்க.

— இருக்காங்கல்ல? நல்லாப் பாரு. ஒருத்தன் முனகுறான், ஒருத்தன் சுவத்தைப் பிடிச்சு நிக்கிறான். கோட்டு, டை, மழமழன்னு சவரம், மேல அத்தர் வேற, பொண்ணு பாக்க வந்த மாதிரி நீ ஒருத்தன்தான்யா வந்திருக்கே.

— அரசாங்கத்தைப் பாக்க அழுக்குச் சட்டையிலயா வரது? வெறுங்கையோட ஒருத்தர் வாசலை மிதிக்கிற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது.

— உன் வம்சத்துல ஒருத்தனுக்கும் பென்ஷனும் கிடையாது! பக்கத்து வீட்டு டூயோவைப் பாரு. போர்ல அவன் ரொட்டி வண்டி ஓட்டினான். அறுபது பர்சென்ட் ஊனம்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டான்.

— அவன் ஊன்றுகோலோட இந்த டாக்டர் கமிஷனுக்குப் போனான். திரும்பும்போது அதை பஸ்லயே மறந்துட்டு, வீட்டுக்கு ஓடியே வந்தான். அவனைப் பாத்தா நான் கத்துக்கணும்?

— பாதியாவது கத்துக்கோ. போறது வரைக்கும் கத்துக்கோ, வரதை நான் பாத்துக்கறேன். யோவ், விளையாட்டில்ல. விண்ணப்பம் போட மறுபடி திறந்துவிட்ட கதவு இந்த வருஷத்தோட மூடுது. இன்னைக்கு நீ வீரம் பேசினா ஆபரேஷனும் இல்ல, வெந்நீர் வைத்தியமும் இல்ல. போன மாசம் திராட்சைக் கொடி வெட்டறப்போ கத்தரி கையிலேர்ந்து நழுவிச்சே, நான் பாக்கலேன்னு நினைச்சியா? அந்தக் கை செத்துக்கிட்டு இருக்கு. எனக்குப் பயமா இருக்குய்யா.

— சரி சரி. அழுதுடாத. என்ன சொல்லணும், சொல்லிக் குடு.

— நான்தான் டாக்டர். "ஐயா, எப்படி இருக்கீங்க?"

— கடவுள் புண்ணியத்துல எருது மாதிரி இருக்கேன்.

— யோவ்!

— தானா வருதுடி!

— "வலிக்குது"ன்னு சொல்லு. ஒரே வார்த்தை.

— குளிர் நாள்ல... தோளு லேசா... தான் இருக்கறதைச் சொல்லும்.

— முப்பது வருஷமா உன்னோட குடும்பம் நடத்தறேன். இந்தச் சுவத்துல போய் முட்டிக்கிட்டிருக்கலாம், அதாவது கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கும்.

— ஷிமுன் மராசோவிச்! உள்ள வாங்க. துணைக்கு வந்தவங்களும் வரலாம். நான் டாக்டர் நெவென்கா... அட, நீங்களா?

— என்னைத் தெரியுமா டாக்டரம்மா?

— ரெண்டாவது மாடியில என்னை இடிச்சுத் தாண்டிப் போனீங்களே. "ஓரமா நில்லு தங்கச்சி, பாரம் வருது"ன்னு.

— அஞ்ஜா, அப்படிப் பாக்காத.

— நான் எங்க பாக்கறேன்? நான் செத்துப் போயிட்டேன்.

— ஐயா, அதை மேசை மேல வைக்காதீங்க. லஞ்சம்னு ஆயிடும்.

— லஞ்சமா? எங்க வீட்டுப் பன்னி டாக்டரம்மா! நானே வளர்த்தது.

— எடுத்துக் கீழ வைங்க. அந்தக் கையால வேண்டாம். உக்காருங்க. சட்டையைக் கழட்டணும்... ஏன், பொத்தான் வரலையா?

— புதுச் சட்டை. பொத்தான் ஓட்டை சின்னது.

— டாக்டரம்மா, பன்னெண்டு வருஷமா அவர் பொத்தானை நான்தான் போடறேன். டையும் நான் கட்டினதுதான்.

— அவ ஆசைக்குக் கட்டறா.

— கையை மேல தூக்குங்க. இன்னும். இன்னும் மேல. அவ்வளவுதானா?

— இதுக்கு மேல எனக்கு என்ன வேலை? கூரையைத் தொட்டு என்ன பண்ணப் போறேன்?

— நெத்தியெல்லாம் வியர்க்குதே?

— ஜன்னலைத் திறங்க டாக்டரம்மா. காத்தே இல்ல.

— ஜன்னல் திறந்துதான் இருக்கு, ஐயா.

— சொல்லுய்யா! ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லேன்!

— நீங்க பதறாதீங்கம்மா. இந்த மலைக்காரங்க வாய் சொல்றதை நான் எழுதறதே இல்ல. எக்ஸ்ரே இருக்கு, கை இருக்கு, அது போதும். கஷ்டம் வேற இடத்துல. அடிபட்டது போர்லதான்னு உங்க படையைச் சேர்ந்த ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். இங்க ஒருத்தர் கையெழுத்துதான் இருக்கு.

— இன்னொருத்தன் பெப்போ. போன மழைக்குப் போய்ச் சேர்ந்துட்டான். எழுதிக் குடுடான்னு கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.

— அப்போ அடிபட்டதை வேற யார் பாத்தாங்க? சண்டை நடந்த மேட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தீங்க?

— தூக்கிட்டு வந்தாங்க.

— யாரு?

— அதெல்லாம் எதுக்கு இப்போ? டாக்டரம்மா, எக்ஸ்ரேயைப் பாருங்க.

— நான் உங்களைக் கேக்கலம்மா. ஐயா, யாரு தூக்கினது?

— இவதான்.

— இவங்களா?

— படையில சமையல் வேலை. அன்னைக்கு மேட்டுக்கு சூப் கொண்டு வந்தா. பானையை இறக்கி வச்சா, என்னை ஏத்திக்கிட்டா. அப்போ எனக்கு இவ பேரே தெரியாது. பானைக்காரின்னுதான் கூப்பிடுவோம்.

— எவ்வளவு தூரம்?

— நாலு கிலோமீட்டர். பனியில.

— இறக்கம்தானே டாக்டரம்மா. அவர் கதையைப் பெருசாக்கறார்.

— அப்போ உங்க எடை என்ன ஐயா?

— தொண்ணூத்தஞ்சு. துப்பாக்கியோட நூறு.

— துப்பாக்கியையுமா தூக்கினீங்க?

— அரசாங்கச் சொத்தாச்சே! தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?

— சரி, ரெண்டாவது சாட்சி கிடைச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா... மெதுவா. ஏன் சாஞ்சு நிக்கறீங்க? உங்க முதுகுக்கு என்ன?

— முதுகுக்கா? வயசானா யாருக்குத்தான் பிடிக்காது? குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா சரியாயிடும்.

— டாக்டரம்மா, எழுதிக்கோங்க.

— ஷிமுன், வாயை மூடு!

— காலையில நான் தூங்கறேன்னு நினைச்சு, கட்டில் கம்பியைப் பிடிச்சு மூணு தடவை எந்திரிச்சுப் பாப்பா. நாலாவதுலதான் எந்திரிப்பா. கோயில்ல முழங்கால் போட்டா, ஜனம் மொத்தமும் வெளிய போனப்புறம்தான் பெஞ்சைப் பிடிச்சு நிமிருவா. கேட்டா, கூடக் கொஞ்சம் ஜெபம்னு சொல்லுவா. ஈஸ்டருக்கு மாவு பிசைஞ்சுட்டு ஒரு நாள் முழுக்கத் தரையில படுத்திருந்தா. தரை ஜில்லுன்னு இருக்காம். இடது கால் மரத்துப் போகுது, செருப்புக் கழண்டது கூடத் தெரியாம வீதியில நடந்தா. நான் பின்னால எடுத்துட்டுப் போனேன்.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்குத் தெரியாதா? அந்த முதுகை ஒடிச்ச பாரமே நாந்தாண்டி, உன் எடைக்கு ரெண்டு பங்கு இருந்தேன்!

— அம்மா, நீங்க ஏன் விண்ணப்பம் போடல?

— சூப் வச்சவளுக்கு யாரு பர்சென்ட் குடுப்பா டாக்டரம்மா?

— ஐயா, உங்களது முடிஞ்சுது, எந்திரிங்க. அம்மா, கோட்டைக் கழட்டிட்டு இந்த நாற்காலியில நீங்க உக்காருங்க.