லிட்டருக்கு ஏழரை

என்னை அழைத்து வந்தீர்களே, அந்த ஜீப்பின் இடது முன் சக்கரத்தில் காற்று குறைவு சார். குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், இறங்கும்போது கண்ணில் பட்டது. காற்று குறைந்த சக்கரம் ரோட்டோடு ஒட்டி உறவாடும். அந்த உறவுக்கெல்லாம் செலவு செய்வது டீசல் டேங்க்தான். உங்கள் டிரைவரிடம் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். விலங்கு மாட்டிய கையோடு ஒருவன் டயரைப் பற்றிப் பேசினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி.

கட்டட வேலைக்கான இயந்திரங்களை வாடகைக்கு விடும் யார்டில் நான் டிரைவர். மண் தோண்டும் மெஷின், ஜெனரேட்டர், சின்ன ரோலர் என்று கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். என் கையில் ஒரு டீசல் பிக்கப், அதன் பின்னால் நாலு சக்கர ட்ரெய்லர். வெறும் பிக்கப் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். மூன்றரை டன் மெஷினை ட்ரெய்லரில் ஏற்றிப் பின்னால் மாட்டினால் அதே வண்டி ஐந்துக்கு வந்து நிற்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். மற்ற டிரைவர்கள் அதைத் தலைவிதி என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

எழுபதைத் தாண்டமாட்டேன். எழுபதுக்கு மேல் போனால் நாம் மெஷினை இழுப்பதில்லை, காற்றைத்தான் இழுக்கிறோம். தார்ப்பாயை முரசு மாதிரி விறைப்பாகக் கட்டுவேன்; படபடவென்று அடிக்கிற தார்ப்பாய், கூடவே ஒரு எருமை மாட்டை இழுப்பதற்குச் சமம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டு, பச்சை விழும் நேரத்துக்குப் போய்ச் சேருவேன். கோடையிலும் ஏசி போடமாட்டேன். யார்டில் எனக்குச் சொட்டு என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மாதக் கடைசியில் மேனேஜரம்மா ஒவ்வொரு டிரைவரும் லோடோடு எடுத்த மைலேஜை அதில் எழுதுவார். பரிசு ஒன்றும் கிடையாது. நாலு வருஷம் அதன் முதல் வரியில் சொட்டு, ஆறு புள்ளி ஒன்பது என்று இருந்தது. டீ குடிக்கப் போகும் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

போன வருஷம் என் தங்கச்சி ஒரு நாள் வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை போய்விட்டது. "அண்ணா, உங்க யார்டுல ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள். சொன்னேன். மறு வாரமே சேர்த்துக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாப்பிள்ளை மேல் எனக்கு வெறுப்பு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். வெறுப்பவன் வேலை வாங்கிக் கொடுப்பானா?

நல்ல மனிதன் சார். என்னைவிட மூன்று வயதுதான் சின்னவன். எதையும் எண்ணமாட்டான். காற்றழுத்தம் எவ்வளவு என்றால் சக்கரத்தைக் காலால் ஒரு உதை உதைத்து, "இருக்கு மச்சான்" என்பான். தார்ப்பாயை ஏனோதானோ என்று கட்டுவான். ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே ஓட்டுவான். கைக்குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி ஓட்டுவான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழாவது மாதம் மேனேஜரம்மா என் வரியைத் துடைத்துவிட்டு அவன் பெயரை எழுதினார். ஏழு புள்ளி ஒன்று.

எல்லாரும் கை தட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணும் பண்ணல மச்சான். அவசரப்படல, அவ்வளவுதான்."

அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வேண்டுமென்று ஒருவன் ஜெயித்தால் அது போட்டி. ஜெயித்ததே தெரியாமல் ஒருவன் ஜெயித்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் சாப்பிட்டேன். அப்போதும் மைலேஜ் பேச்சைத்தான் எடுத்திருக்கிறேன். தங்கச்சி சிரித்துக்கொண்டே, "எங்கண்ணனுக்கு ஊசி போற இடம்தான் கண்ணுக்குத் தெரியும், உலக்கை போற இடம் தெரியாது" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு, இன்னும் எதைக் குறைக்கலாம் என்று தேடினேன். இன்ஜின் சுத்தம், ஃபில்டர் புதுசு, எடையில் ஒரு கிலோ வீண் இல்லை. ஒரு நாள் லோடை இறக்கிவிட்டு ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. நாலு சக்கரமும் சுட்டன. சூடு என்பது என்ன சார்? நாம் ஊற்றிய டீசல்தான்.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. பிக்கப் வேகம் குறைந்ததும் பின்னால் வரும் ட்ரெய்லர் முன்பக்கம் நெருக்கும். அந்த நெருக்கலே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். கேபினில் அதற்கென்று பொத்தானும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் அந்த பிரேக், பிடிக்காத நேரத்திலும் லேசாக உரசிக்கொண்டே வரும். சும்மா வருகிறவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவது மாதிரி. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பினால் பிரேக் ஷூ உள்வாங்கிக்கொள்ளும்; உரசாது, பிடிக்கவும் பிடிக்காது. ஒவ்வொரு சக்கரத்திலும் பதினொரு பல் திருப்பினேன். நாலும் ஒரே அளவில் தளர்ந்திருக்கிறது, இது தேய்மானம் இல்லை என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறாராமே. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வேலை தெரிந்த மனிதர்.

அந்த மாதம் ஏழரை வந்தது.

பலகையைப் பார்த்துவிட்டு யார்டே கேலி செய்தது. சொட்டுக்கு ஏழரை பிடித்துவிட்டது, யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்றார்கள். எனக்கு அன்றைக்கு நடை கொஞ்சம் மாறியிருந்தது என்று நினைக்கிறேன். ஐந்து மாதம் அப்படியே ஓட்டினேன். ட்ரெய்லரில் பிரேக் இல்லாமல் மூன்றரை டன்னை ஓட்டுவது எல்லாராலும் ஆகாது. நான் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவேன். மலைப்பாதை வேலை வந்தால் முதுகு வலி என்று சொல்லி வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன். அதாவது, ஆபத்து எனக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு என் பிக்கப் கிளட்ச் வேலைக்காக ஷெட்டில் நின்றது. காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு லோடு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அணை வேலை நடக்கும் இடத்துக்கு மண் தோண்டும் மெஷின். அவன் ட்ரெய்லரில் ஒரு பேரிங் போய்விட்டிருந்தது. சும்மா நிற்கிற என் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போகச் சொன்னார் மேனேஜரம்மா.

நானே மாட்டிக் கொடுத்தேன். கொக்கியைப் பூட்டினேன், சங்கிலியைக் குறுக்காகப் போட்டேன், விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், நாலு சக்கரத்துக்கும் காற்று பிடித்தேன். மெஷின் முன்னும் பின்னும் நகராமல் கட்டியதும் நான்தான். பிரேக்கைப் பழையபடி வைக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் மேனேஜரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எதற்குச் சக்கரத்துக்கு அடியில் படுக்கிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அந்த ஐந்து மாதமும் பலகையிலிருந்து போய்விடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பிரேக் உரசாத ட்ரெய்லரை இழுத்தால் அவனுடைய மைலேஜ்தான் கூடும். என்னைத் தாண்டிப் போயிருப்பான். பொறாமைக்காரன் அப்படிப்பட்ட ட்ரெய்லரை எதிராளிக்கு மாட்டிக் கொடுப்பானா?

பத்தேகாலுக்கு போன் வந்தது. மலை உச்சியில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே நிறுத்தியிருந்தான். பின்னால் கிளாஸ் சத்தம் கேட்டது.

"மச்சான், ஏறி வர்றப்போ இடையில ஒரு சின்ன இறக்கம் வந்துச்சுல்ல. அதுல யாரோ பின்னாலேருந்து தள்ற மாதிரி இருந்துச்சு. உங்க ட்ரெய்லர்ல பிரேக் பிடிக்குதா?"

"லோடு இருக்கு இல்ல. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"இனிமே ஒம்பது கிலோமீட்டர் இறக்கம் மச்சான். இங்கயே ஓரங்கட்டிட்டு டாக்டரை வரச் சொல்லிடட்டுமா?"

டாக்டர் என்பது எங்கள் மெக்கானிக். அவர் வந்தால் முதலில் சக்கரத்துக்குப் பின்னால்தான் பார்ப்பார். அப்போது அவர் என்னிடமிருந்து இருபது அடி தூரத்தில் ஒரு ஜெனரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் வேலை ஒன்றும் அவசரமில்லை.

"அவரு வேலையா இருக்காரு மாப்ளே" என்றேன். "இறக்கத்துல காலை எடுத்துட்டா ஒரு சொட்டு டீசல் இறங்காது. இன்னிக்கு எட்டைத் தொட்டுடுவே. தைரியமா விடு."

கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி மச்சான், நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் சொல்லி அவன் ஒன்றைக் கேட்காமல் இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆறாவது கிலோமீட்டரில் பிக்கப்பின் பிரேக் புகைந்ததை எதிரே ஏறி வந்த பஸ்காரர் பார்த்திருக்கிறார். ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கினானாம். கடைசி வளைவுக்குக் கீழே பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தபால்காரர், இன்னொருவர் அவரிடம் ஏதோ கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தவர். பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களை எனக்குப் பழக்கம் இல்லை.

என் ட்ரெய்லர் என்று எனக்குத் தெரியும். பிரேக் இல்லை என்று தெரியும். ஒன்பது கிலோமீட்டர் இறக்கம் என்று அவனே சொன்னான். நிறுத்தட்டுமா என்றும் கேட்டான். போ என்று சொன்னேன். நீங்கள் கேட்டது இதுதான் என்றால், ஆமாம் சார், மூன்று பேரும் என் வாய் வார்த்தையால்தான் போனார்கள். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி.

பதினாறாம் நாள் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளையின் போனை உங்கள் ஆட்கள் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கடைசி அழைப்பு என் நம்பருக்கு என்று அதில் இருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"அவரு உனக்கு போன் பண்ணியிருக்காரே அண்ணா. என்ன சொன்னாரு?"

பிரேக் சரியில்லை என்று சொன்னார் என்றேன்.

"நீ என்ன சொன்னே?"

"நிறுத்துன்னுதாம்மா சொன்னேன். நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் இறுகிவிட்டது. யார் பேச்சையும் கேட்கிற மனிதர்தானே, அன்றைக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்றாள். தன்னையும் குழந்தையையும் ஒரு நொடி நினைத்துப் பார்க்கவில்லையே என்றாள். அன்று மாலையே அவர் சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். ஹாலில் இருந்த படத்தையும் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

எனக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு சார். கோபம் இருக்கிற இடத்தில் துக்கத்துக்கு இடம் குறைவு. இப்போது அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாள். வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். ஒரு அண்ணனால் முடிந்தது அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு சின்ன உதவி கேட்கிறேன். மற்றது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும். அந்த போன் பேச்சு இருக்கிறதே, அதில் நான் பேசியதை மட்டும் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? எனக்காக இல்லை. அவளுக்காகத்தான் கேட்கிறேன்.