பேசின தட்டு

— வாய மூடிக்கோ சுந்தரி. தட்டு தெறந்து கீது.

— முந்தானைய வெச்சு மூடிகினு தானே நிக்கறேன். இன்னும் எவ்ளோ நேரம்?

— பேசற பாரு. முந்தானைக்குள்ளாற பேசினாலும் பேச்சு பேச்சுதான். வாசப்படிக்கு அந்தப் பக்கம் நில்லு.

— என் சமையல் ரூமுல நான் எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா குக்கரைப் புடிச்சிகினீங்க. உருளைக்கிழங்க வேகவெச்சு, தண்ணிய ஒண்டி வடிச்சிகினு கிழங்க என் தலையில கட்டிட்டீங்க. இம்மாங் கிழங்க வெச்சு நான் பொரியல் பண்றதா, போண்டா போடறதா?

— ...

— இன்னா, பதிலக் காணோம்.

— இப்பதான் மூடினேன். ஊத்தறப்ப கேட்டா எப்படி சொல்லுவேன்? போண்டா போடு.

— கடல்பாசி தானே ஊத்தறீங்க. எங்கம்மா இதுல பாலும் ஏலக்காயும் போட்டு தட்டு தட்டா ஊத்துவாங்க. யாரும் மூச்ச அடக்கிகினு நின்னதில்ல.

— அது மனுசன் திங்கறதுக்கு. இது காளான் திங்கறதுக்கு. காளானுக்குப் போட்ட சோத்துல வேற எவனும் கைய வெக்கக் கூடாது. வா, இந்தப் பாட்டிலத் தொட்டுப் பாரு. சுடுதா?

— சுடுது. ஆனா புடிக்கலாம்.

— அதான் கணக்கு. இன்னும் சூடா ஊத்தினா மூடி பூரா ஆவி. ஆற வுட்டா பாட்டிலுக்குள்ளாறயே கட்டிப்போயிடும். அந்த ஜன்னல சாத்து. சுரங்கத்து சயனைட் மேட்டுல காத்து எழும்பிச்சுன்னா அந்த மண்ணு நேரா நம்ம தட்டுலதான் வந்து குந்தும்.

— சாத்திட்டேன். வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

— கொட்டட்டும். கேஜுக்குள்ள கைய வுட்டாச்சுன்னா வேலை முடியற வரிக்கும் வெளிய எடுக்கக் கூடாது. எங்கப்பா சுரங்கத்து லிஃப்டு கேஜுல இறங்கறப்ப ஒரு வார்த்தை பேசமாட்டாரு, தெரியுமா?

— உங்கப்பா இறங்கினது பூமிக்கு அடியில. நீங்க மீன் தொட்டிய சாச்சு வெச்சிகினு கேஜுன்றீங்க.

— சிரிக்க வெக்காத. கை ஆடும்.

— இதெல்லாம் உங்க ரயில் கூட்டாளி ஏசுபாதத்துக்கா?

— பாதி அவனுக்கு. காளான் வளர்ற தாய்த் தட்டு அவன் வூட்டுல தானே கீது. அது லேசா பழுப்பு அடிக்குதாம். சீக்கிரம் அதுலேர்ந்து ஒரு துளி எடுத்து புதுத் தட்டுல வெக்கணும். இல்லன்னா செத்துடும். பேத்தமங்களா ஏரிக்கரையில பட்ட மரத்துல பாத்தேனே, அந்தக் காளான். அத்த மறுபடி எங்க போய்த் தேடறது?

— சரி, நாளைக்கி சாயந்தரம் சீக்கிரம் வருவீங்களா? ஆண்டர்சன்பேட்டை போவணும். மிக்ஸி ரிப்பேருக்குக் குடுத்து எத்தினி நாளாவுது.

— ...

— ஏங்க.

— ...

— வருவீங்களா மாட்டீங்களா? ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?

— வந்துடறேன், வந்துடறேன். போச்சு. மூடி தெறந்து கெடந்துச்சு. அதுக்குள்ளாறயே பேசிட்டேன். உன்னாலதான்.

— எந்தத் தட்டு?

— இது. இல்ல, இதுவா? அடுக்கிட்டனே. எதுவோ ஒண்ணு. நாலு நாள் போனா அதுவே காட்டிக் குடுத்துடும். வாயிலேர்ந்து விழுந்த கிருமி வெள்ளையா புள்ளி புள்ளியா எழும்பும். அத்த ஒண்டி எடுத்து குக்கர்ல போட்டு கொன்னுடணும்.

— நீங்க சொன்ன வார்த்தைய நீங்களே கொன்னுடுவீங்களா?

— தட்டு கெட்டா வேற இன்னா பண்றது? இதுங்க ஆறினதும் ஓரத்துக்கு பிளாஸ்டிக் சுத்திடறேன். கவுத்துதான் வெக்கணும், மறந்து நிமித்திடாத. மூடியில வேர்த்த தண்ணி கீழ சொட்டினா அல்லாம் பாழு. நாலு நாள் இந்த ஷெல்புல கெடக்கட்டும். சுத்தமா இருந்தா அப்பால ஃபிரிட்ஜுல வெச்சிக்கலாம்.

— பால் பாக்கெட்ட எங்க வெக்கறது?

— பாலக் குடிச்சிடு.

— நல்ல ஆளு. நாளைக்கி டப்பாவுக்கு இன்னா கட்டட்டும்?

— போண்டா மிச்சம் இருந்தா ரெண்டு வையி.

*

— போண்டாவத் தொடவே இல்ல தம்பி. நான் எப்படி மூடிக் குடுத்தனோ அப்படியே திரும்பி வந்துச்சு டப்பா.

— அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி. ஒரு மாசம் ஆவப்போவுது.

— நீ பக்கத்துல தானே இருந்த ஏசுபாதம். இன்னொரு தபா சொல்லு.

— எத்தினி தபா சொல்றது? காலையில வேலைக்குப் போற ரயில்ல பங்காருப்பேட்டை வரிக்கும் சீட்டு ஆடினோம். மாலூர் தாண்டினதும் என் தோள்ல சாஞ்சாரு. தினம் சாயறவரு தானே, நானும் ஆடாம குந்தியிருந்தேன். பெங்களூர் கண்டோன்மென்ட்ல எல்லாரும் எழுந்துகினாங்க. அவரு எழுந்திரிக்கல.

— வலிக்குதுன்னு கூட சொல்லலையா?

— சொல்லல அண்ணி. நல்லா தூங்கறாருன்னுதான் நெனச்சேன்.

— சரி. டீ ஆறுது, குடி. வந்ததுலேர்ந்து ஃபிரிட்ஜையே பாக்கற. இன்னா சேதி?

— கேக்கவே கஷ்டமா கீது. அண்ணன் கடைசியா ஊத்தின தட்டுங்க இங்க தானே இருக்கும்?

— கீது.

— அந்தத் தாய்த் தட்டு ஓரமெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சு. நானும் ஊத்திப் பாத்தேன், சும்மா இல்ல. உருளைக்கிழங்கு, குளுக்கோஸ், அண்ணன் பண்ற மாதிரியே. ஊத்தினது பூரா பச்சை புடிச்சு போச்சு. அண்ணன் கை எனக்கு வரல. ரெண்டே ரெண்டு தட்டு குடுங்க, போதும்.

— குடுக்க முடியாது தம்பி.

— அண்ணி, அது போச்சுன்னா ஏரிக்கரையில அவரு கண்டுபுடிச்சது மொத்தமும் போச்சு.

— தெரியாமலா சொல்றேன்? அதுல ஒரு தட்டுல அவரு பேசியிருக்காரு.

— பேசியிருக்காரா?

— மூடி தெறந்து இருக்கறப்ப. சீக்கிரம் வருவீங்களான்னு நான் நச்சரிச்சேன். வந்துடறேன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு, போச்சு உன்னாலதான்னு திட்டினாரு. எந்தத் தட்டுன்னு அவருக்கே தெரியல. நாலு நாள்ல வெள்ளையா எழும்பும், பாத்து எடுத்துடலாம்னாரு. மறுநாளே வூடு பூரா ஜனம் ஆயிடுச்சு. சோத்துக் குண்டான் வெக்க எடம் இல்லன்னு சம்பங்கி அத்தை எல்லாத்தையும் தூக்கி ஃபிரிட்ஜுல வெச்சுட்டாங்க. கடல்பாசி ஸ்வீட்டுன்னு நெனச்சிகினாங்களாம். துக்க வூட்டுல ஸ்வீட்டு பண்ணி வெச்சிருக்கான்னு என்னை வேற ஒரு மாதிரி பாத்தாங்க.

— யாரும் துண்ணலையே?

— இல்ல. நல்லவேளை அவங்களுக்கு சக்கரை வியாதி.

— சிரிச்சீங்க அண்ணி. நல்லாதான் கீது.

— தினம் கதவத் தெறந்து ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல பாக்கறேன். புள்ளி கூட இல்ல. கண்ணாடி மாதிரி கீது எல்லாம்.

— எப்படி எழும்பும்? சில்லுன்னு இருந்தா எல்லாம் தூங்கும் அண்ணி. நல்லதும் தூங்கும், கெட்டதும் தூங்கும். அதுக்குத்தானே ஃபிரிட்ஜுல வெக்கறது.

— அப்ப உள்ளாற தூங்கிகினு கீதுன்ற.

— இருந்தா தூங்கும். ஒண்ணு பண்ணலாமா? எல்லாத்தையும் வெளிய எடுத்து வெப்போம். அண்ணன் சொன்ன மாதிரியே அந்த ஷெல்புல, கவுத்து. எது கெடுதோ அது உங்களுது. கெடாதது எனக்கு. ஆயிதா, சரியா?

— வெளிய வெச்சும் ஒண்ணும் வரலன்னா?

— வரலன்னா தட்டு நல்லா கீதுன்னு அர்த்தம்.

— உனக்கு. அவரு குரல் போன்ல கூட இல்ல தம்பி. எப்பவும் நேரா வந்து சொல்றவரு. ஒரு மெசேஜு கூட பேசி அனுப்பினதில்ல. சட்டையில வாசனை இருந்துச்சு. காரியம் முடிஞ்சதும் நாத்தனாரு எல்லாத்தையும் தோச்சுப் போட்டுட்டாங்க, நல்லதுன்னு நெனச்சி. மிச்சம் இதுதான். உள்ளாற வெச்சிருக்கற வரிக்கும் இருக்குன்னு நெனச்சிக்கலாம்.

— புரியுது அண்ணி. வேணாம்னா வேணாம். நான் பெங்களூர்ல யாராவது வெச்சிருக்காங்களான்னு கேட்டுப் பாக்கறேன்.

— அதுக்குள்ள அந்த மஞ்சள் தட்டு தாங்குமா?

— தாங்காது.

— பொய் சொல்ல மாட்டியா நீ? தாங்கும்னு சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேன்.

— பொய் சொன்னா அண்ணன் வந்து ஒதைப்பாரு.

— வந்து ஒதைக்கட்டுமே. சரி, இட்லி மாவு குண்டான அப்பால நகத்து. ஒண்ணொண்ணா எடு. நிமித்திடாத, கவுத்தே எடு.

*

— அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க. இந்தத் தட்டப் பாருங்க.

— வரேன் இரு, கை ஈரமா கீது. எங்க?

— இதோ, இந்த ஓரத்துல. ஜன்னல் பக்கமா திருப்பிப் புடிங்க. வெள்ளையா ரெண்டு புள்ளி, தெரியுதா? பக்கத்துல சின்னதா இன்னொண்ணு.

— தெரியுது. காலையிலேயே பாத்துட்டேன்.

— பாத்துட்டு எனக்கு போன் பண்ணலையா? ரயில்ல வரப்ப அதே நெனப்பா வந்தேன்.

— நீ வந்து சொல்லணும்னு இருந்தேன்.

— அண்ணன்தான் அண்ணி. பச்சையும் இல்ல, கறுப்பும் இல்ல. காத்துல வந்த புழுதின்னா பஞ்சு மாதிரி இருக்கும். இது வாயிலேர்ந்து வந்ததுதான். இத்த நீங்க வெச்சிக்குங்க. ஃபிரிட்ஜுல வெச்சிட்டா இதே அளவுல நிக்கும். தெறக்க ஒண்டி தெறக்காதீங்க.

— நீ தெறந்த மாதிரியா?

— இன்னா அண்ணி?

— அவரு பீச்சாங்கைக்காரரு தம்பி. சோறு ஒண்டிதான் சோத்தாங்கையில. எழுதறது, ஆணி அடிக்கறது அல்லாம் பீச்சாங்கை. இந்த பிளாஸ்டிக்கக் கூட நம்ம சுத்தறதுக்கு எதிராதான் சுத்துவாரு. அன்னிக்கு நான் வாசப்படியில நின்னு பாத்துகினு தானே இருந்தேன். எல்லாத் தட்டுக்கும் பிளாஸ்டிக் முனை ஒரு பக்கமா நிக்குது. இது ஒண்ணுக்கு ஒண்டி அந்தப் பக்கம்.

— அண்ணி...

— முந்தாநாள் வந்தியே. சக்கரை வேணாம், வெல்லம் போட்டு டீ வேணும்னு என்னை கடைக்கு அனுப்பிட்ட. நீ எப்பவும் நெறைய சக்கரை போட்டு குடிக்கறவன்.

— நீங்க தினம் அத்தையே பாத்துகினு கீறீங்க. நாலு நாள் ஆச்சு, அஞ்சு நாள் ஆச்சு, ஒண்ணியும் வரல. இனிமே வராதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்ககிட்ட எந்த வாயால சொல்றது?

— கோவம் இல்ல. இப்படி உக்காரு. அழுவாத, உன்னை யாரும் இப்ப திட்டல.

— திட்டினாலும் பரவால்ல.

— தெறந்து வெச்சிகினு பேசினியா?

— ம்.

— அவரு சொன்னதையே சொன்னியா?

— இல்ல அண்ணி. அத்த நான் எப்படி சொல்லுவேன்? அது உங்களுக்குச் சொன்னது.

— அப்பறம் இன்னாதான் சொன்ன?

— அண்ணான்னு கூப்ட்டேன். ஒரு தபா. குடுங்க, நானே கொண்டுபோய் குக்கர்ல போட்டுடறேன்.

— வேணாம். இங்கயே இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுத்துகினு போ. இன்னிக்கே அந்தக் காளான மாத்தி வெச்சிடு.

— நெஜமாவா அண்ணி?

— போறதுக்கு முன்ன ஒரு தபா நல்லா பாத்துட்டு சொல்லு. எல்லாம் எப்படி கீது?

— அப்படியேதான் கீது அண்ணி. அண்ணன் ஊத்தி வெச்ச மாதிரியே.