கிடா அடைப்புக்குள் இருந்தது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருப்பது சரி. எனக்கு வயது நாற்பத்திரண்டு. செம்மறி ஆடு வளர்ப்பது எங்கள் குடும்பத் தொழில். நானும் என் கணவரும், என் கணவரின் தம்பியும், அவன் மனைவியும், அவர்களுடைய கைக்குழந்தையும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வந்தோம். இறந்துபோனது என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன்.

எங்கள் ஆடுகள் உள்ளூர் இனம். வெயிலையும் காய்ந்த புல்லையும் தாங்கும், ஆனால் உடம்பில் சதை பிடிக்காது. போன வருடம் கால்நடைப் பண்ணையில் சிறு விவசாயிகளுக்குப் பெட்டைகளோடு இணை சேர்க்கப் பெரிய இனப் பொலிகிடா கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, என் கொழுந்தன் நடையாய் நடந்து ஒன்றை வாங்கி வந்தான். அது கன்றுக்குட்டி உயரம் இருந்தது. அதன் பிறகு கால்நடை மருத்துவர் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே ஈன்ற ஆடுகளை மட்டும் இதனுடன் சேர்க்க வேண்டும், முதல் ஈத்துப் பெட்டைகளைச் சேர்த்தால் குட்டி பெரிதாக வளர்ந்து வெளியே வர முடியாமல் போகும் என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

அதன் பிறகு பிறந்த கலப்பினக் குட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. கொழுந்தன் அவற்றை ஓயாமல் தொங்கு தராசில் மாட்டி நிறுத்துப் பார்ப்பான். ஒருநாள் தன் குழந்தையையும் துணியில் கட்டி மாட்டிவிட்டான். அவன் மனைவி, "அப்படியே கொம்பு முளைச்சிருக்கான்னும் பாத்துடுங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குத் 'தராசு' என்றே பெயர்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை முதல் ஈத்துப் பெட்டை ஒன்று வலி எடுத்துக் கிடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அதே போன்ற இரண்டு பெட்டைகள் ஈன முடியாமல் செத்திருந்தன. ஏதோ நோய் என்று நினைத்திருந்தோம். என் கை சிறியது என்பதால் நான் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே விட்டுப் பார்த்தேன். முன்னங்கால்கள் கைக்குக் கிடைத்தன, தலை திரும்பவில்லை. அதன் பிறகு நானும் என் கணவரும் சேர்ந்து இழுத்ததில் குட்டி செத்தே வந்தது. தாய் ஒருமுறை தலையைத் தூக்கிக் குட்டி இருந்த பக்கம் பார்த்துவிட்டு அதுவும் செத்தது. குட்டியின் உயரத்தைப் பார்த்ததும் எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு என் கணவர் தம்பியைக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டைங்கள யார்றா அதோட விட்டது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே. எல்லாமே பெரிய குட்டியா வந்தா நாம ஒரு வருஷத்துல நிமிந்துடலாம்னு..." என்றான்.

என் கணவர் செத்த குட்டியைத் தூக்கி அவன் நெஞ்சோடு அழுத்தி, "பெரிய குட்டிதான் வந்திருக்கு. கொண்டுபோய் எடை போடு" என்றார். அதன் பிறகு இரண்டு கையாலும் அவனைத் தள்ளினார். அவன் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் விலா அடிபட விழுந்தான். அந்த நேரம் கிடா அடைப்புக்குள் இருந்தது. அதன் கதவுக்குக் கொண்டி போட்டிருந்ததை நான் பார்த்தேன். கொழுந்தனின் மனைவி வீட்டுக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விழுந்தவன் எழுந்து, "ஒண்ணுமில்ல அண்ணி" என்றான். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக என் கணவர் அவன் தலையை மடியில் வைத்திருந்தார். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டதும், என் கணவர் வாய் திறக்கும் முன்பே கொழுந்தன், "கிடா முட்டிடுச்சு" என்று சொன்னான். நான் ஏன் மறுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து இறந்துபோனான்.

அதன் பிறகு உறவுக்காரர்கள் ஆளைத் தின்ற கிடா வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி, அதை வெட்டிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொழுந்தனின் மனைவி அன்று காலை கிடாவுக்குத் தண்ணீர் வைத்தவள். தான் கொண்டியைச் சரியாகப் போடாததால்தான் அது வெளியே வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். "நான்தான் கொன்னுட்டேன்க்கா" என்று என்னிடம் சொன்னாள். அதன் பிறகு அவள் சாப்பிடவில்லை. காலியான அடைப்புக்கு முன்னால் போய் அந்தக் கொண்டியைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றாள். குழந்தை அழுதது அவள் காதில் விழவில்லை. பாலும் வற்றிவிட்டது.

இன்று காலை என் கணவரிடம், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "எனக்கு வாய் வரலை. நீயே சொல்லு. நான் கூட வரேன்" என்றார். இப்போது காவல் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே வரும் முன் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என் கணவரைத் திட்டவில்லை. "அப்ப கொண்டி சரியாத்தான் போட்டிருந்தேனா?" என்று மட்டும் கேட்டாள். போட்டிருந்தாய் என்றேன். என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களுக்கு அது இனித் திறக்காது.

கொல்லும் எண்ணத்தோடு தள்ளினாரா என்று கேட்டால், அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. கைகளைத்தான் பார்த்தேன்.

நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார்கள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னபடியே உள்ளது. யாரும் என்னை மிரட்டவோ தூண்டவோ இல்லை. இவை யாவும் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி, இறந்தவரின் அண்ணி