கரும்பலகையும் இரண்டு உள்ளங்கைகளும்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், எங்களைக் கண்டித்தும் கைகொடுத்தும் கரைசேர்த்த பேராசிரியை விஜயஸ்ரீ அம்மையார் அவர்களே! வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் படிக்கத் தம் உறக்கத்தைக் கொடுத்த தாய்மார்களே! நாளை கணினித் துறையை ஆளப்போகும் மாணவச் செல்வங்களே! முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர்கீழே பார்த்து இடம்பிடித்திருக்கும் நாங்குநேரி வாழைக்காய் வணிகர் பூதலிங்கம் அண்ணாச்சி அவர்களே! தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த குமரகுருபரனின் வணக்கம்.

கணினித் துறை விழாவில் வாழைக்காய் வணிகருக்கு என்ன வேலை என்று அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள். கேட்கிறது, கேட்கிறது! பைய வருவோம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'பல செயலிகள், ஒரே நினைவகம்'. ஒரு கணினிக்குள்ளே பல செயலிகள், அதாவது கணக்குப் போடும் மூளைகள். அத்தனைக்கும் பொதுவாய் ஒரே நினைவகம். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி. ஒரு செயலி ஒரு முகவரியைச் சொன்னால், அடுத்த செயலிக்கும் அது அதே இடம். இவன் எழுதியதை அவன் படிப்பான், அவன் எழுதியதை இவன் படிப்பான். ஆகா, என்ன அருமையான ஏற்பாடு!

ஆனால் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் ஆற்றுக்கு ஓட முடியுமா? செம்பில் மொண்டு பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? செயலியும் அப்படித்தான். வேகம் வேண்டி, பொது நினைவகத்தில் உள்ளதை நகலெடுத்துத் தன்னருகே வைத்துக்கொள்ளும். அதற்குள் இன்னொரு செயலி மூலத்தை மாற்றிவிட்டால்? இது பழைய நகலைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடும். போட்ட கணக்கு சரி. வந்த விடை தப்பு!

இறுதியாண்டில் இந்தச் சிக்கல்தான் எங்கள் செயல்திட்டம். எங்கள் என்றால், நானும் மேலப்பாளையத்துச் சல்மான் ஃபாரிஸும். நிரல் தப்பு விடையே சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே தப்பென்று தெரியவில்லை. ஃபாரிஸ் எழுந்தான். "ஏலே குமரா, கம்ப்யூட்டரை அணைலே. நீ ஒரு செயலி, நான் ஒரு செயலி. போர்டுதான் நினைவகம். உள்ளங்கையில எழுதுததுதான் நகல்" என்றான்.

ஆடினோம் ஐயா, அப்படி ஒரு ஆட்டம்! கரும்பலகையில் இருப்பதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வோம். பலகையில் உள்ளதை மாற்றுகிறவன், "மாத்தியாச்சு லே!" என்று கத்த வேண்டும். மற்றவன் உடனே கையைச் சட்டையில் துடைத்து, "அழிச்சாச்சு லே!" என்று பதில் கத்த வேண்டும். சட்டையெல்லாம் மை. விஜயஸ்ரீ அம்மையார் சத்தம் கேட்டு ஓடிவந்து, "இது ஆய்வகமா, சந்தையா?" என்று வைதார்கள். சிரிக்கிறீர்களே அம்மா, அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை!

தப்பு அந்த ஆட்டத்தில்தான் பிடிபட்டது. எங்கள் நிரலில் கத்துகிறவன் கத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அது போதாது. 'அழிச்சாச்சு' என்ற பதில் வரும்வரை அவன் காத்துநிற்க வேண்டும்.

படிப்பு முடிந்தது. நான் பெங்களூர் போனேன். அவன் வீட்டை விற்று, குடும்பத்தோடு ஷார்ஜா போனான். முதலில் தினம் பேச்சு, பிறகு வாரம் ஒரு பேச்சு, பிறகு வேலை, வேலை, வேலை! நமக்குத் தெரியாததா?

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவன் எண்ணுக்கு வாழ்த்து அனுப்பினேன். "நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. என் கல்யாணத்துக்கு, "நீ வராம தாலி கட்டமாட்டேன், வந்துருலே" என்று அனுப்பினேன். "நல்லா இருங்க" என்று பதில் வந்தது. நல்லா இருங்களா? என்னை மாப்ளே என்றும் மடையா என்றும் கூப்பிட்ட வாய், 'இருங்க' என்கிறதே! மணவறையில் உட்கார்ந்தும் நான் வாசலைத்தான் பார்த்தேன். அவன் வரவில்லை. அவன் மாறிவிட்டான், நம்மை மறந்துவிட்டான் என்று மனதில் எழுதிக்கொண்டேன். அந்த ரோசத்தில் கூப்பிட்டுப் பேசவும் இல்லை.

என்ன தம்பி? முகநூலில் தேடவில்லையா என்றா கேட்கிறாய்? சல்மான் ஃபாரிஸ் என்று போட்டுப் பாரப்பா, ஊருப்பட்ட பேர் வருவார்கள்!

போன மாதம் மனசு தாங்கவில்லை. "உன்னைப் பாக்கணும்போல இருக்குலே. ஒருதரம் பேசுலே" என்று அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. எடுத்தேன். "யாருவே நீரு? வருசா வருசம் வாழ்த்து அனுப்புதீரு, பேரும் போட மாட்டேங்கீரு. நான் நாங்குநேரி பூதலிங்கம்லா பேசுதேன்!"

ஆம்! கவனிப்பாரற்றுக் கிடந்த ஃபாரிஸின் எண்ணைச் செல்பேசிக் கம்பெனிக்காரர்கள் அண்ணாச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். முகவரி அதேதான், உள்ளே இருந்தவர் வேறு. வாழைத்தார் வாங்குகிற யாரோ ஆசையாய் அனுப்புகிறார் என்று மரியாதைக்குப் பதில் போட்டிருக்கிறார் இந்த நல்ல மனிதர்!

நான் ஃபாரிஸின் கதையைச் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் லோடு ஏற்றுகிறவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டினார். பிறகு சொன்னார்: "அந்தப் பய ஒருதரம் கூப்பிட்டான் தம்பி. 'அண்ணாச்சி, இது முன்னால என் நம்பர். போன் களவு போச்சு, குமரன் நம்பரும் அதோட போச்சு. என் நம்பர் மட்டுந்தான் எனக்கு மனப்பாடம். குமரன்னு யாரும் கேட்டாங்களா?'ன்னான். குமரன்னு எவனும் கேக்கலைன்னுட்டேன். நீருதான் பேரே போடலையே! புது நம்பர் சொன்னான். லோடு ஏத்துத அவசரத்துல நான் எழுதிக்கிடலை, அவன் கூப்பிட்ட நம்பரும் போன்ல அழிஞ்சு போச்சு. கடைசியா, 'அவன் கேட்டா, மாத்தியாச்சு லேன்னு மட்டும் சொல்லுங்க, அவனுக்கு விளங்கும்'னான். கிறுக்குப் பயன்னு நெனச்சு வச்சுட்டேன்."

அவையோரே! அழுதேன். அவன் மறந்தானா? மாறினானா? இல்லை, இல்லை! எங்கோ இருந்துகொண்டு முறைப்படி கத்தியிருக்கிறான். பதில் வரும்வரை காத்துநிற்க வேண்டும் என்று கண்டுபிடித்த இரண்டு பேரில் அவன் ஒருவன். இன்னும் நிற்பான்.

அண்ணாச்சி எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். "இனி அந்த நம்பரை நான் விடமாட்டேன்வே. எந்த லோடு நின்னாலும் நிக்கட்டும், அவன் கூப்பிட்டா எழுதிக்கிடுதேன்" என்கிறார். அதற்காகத்தான் ஐயா, அவருக்கு முதல் வரிசை!

விழாவைப் படம் பிடிக்கும் தம்பி, கேமராவை இப்படித் திருப்பு. இதை எல்லா இடத்துக்கும் அனுப்பு. என் உள்ளங்கையைப் பாருங்கள். 'மறந்துட்டான்' என்று இன்று காலை பேனாவால் எழுதினேன். இதோ, இந்த வெள்ளைச் சட்டையில் துடைக்கிறேன்.

மாப்ளே ஃபாரிஸ்! அழிச்சாச்சு லே!

கைதட்டாதீர்கள், அவன் குரல் வந்தால் எனக்குக் கேட்க வேண்டும். பொறுமையாய்ச் செவிகொடுத்த உங்களுக்கும், மேடை தந்த கல்லூரிக்கும் நன்றி. உங்களுக்கு வணக்கம். அவனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.